பிரதேச சபைச் செய்தி தேசியக் கொள்கைப் பக்கத்துக்கு வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஒரு தமிழ்ச் செய்திப் பிரிவில் தேசியக் கொள்கைப் பக்கத்தைப் பார்க்கிறேன். சட்டம், வரி, சுகாதாரம், காணி, மின்சாரம், கல்வி என்று அரசு எடுக்கும் முடிவுகள் மக்களை எப்படித் தொடுகின்றன என்பதை எழுதும் பக்கம் அது. 2025 மே 6 இல் 339 உள்ளூராட்சி சபைகளுக்குத் தேர்தல் நடந்து, இரண்டு வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த சபா மண்டபங்கள் திறந்ததிலிருந்து, நிருபர்கள் அனுப்பும் உள்ளூராட்சிச் செய்திகள் என் மேசையில் குவிகின்றன. "இதை ஏன் எடுக்கவில்லை, அதை ஏன் எடுத்தீர்கள்" என்று வட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி விரல் தேய்ந்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் செய்தியைப் பிரதேசச் செய்திகள் பக்கத்துக்குத் தள்ளிவிட்டீர்களே, ஏன்?

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தப் பிரச்சினையைத் தீர்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? தவிசாளர் நாளைக் காலை எழுந்து, மனது வைத்து, ஒரு கையெழுத்துப் போட்டால் தீர்ந்துவிடும் என்றால் அது ஊர்ச் செய்தி. நல்ல செய்தியாகவே இருக்கலாம், ஆனால் என் பக்கத்துக்குரியது அல்ல. தவிசாளர் தலைகீழாக நின்றாலும் தீர்க்க முடியாது, சட்டமோ சுற்றறிக்கையோ திறைசேரியின் அனுமதியோ குறுக்கே நிற்கிறது என்றால் அதை உடனே எனக்கு அனுப்புங்கள்.

குப்பை லொறி வரவில்லை என்ற செய்தியை எடுத்துக்கொள்வோம். லொறி பழுதாகி மூன்று வாரமாக கராஜில் நிற்கிறது, சபை கவனிக்கவில்லை: ஊர்ச் செய்தி. லொறி இருக்கிறது, ஓட ஆளில்லை, ஆள் எடுக்க சபைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி இல்லை, அந்த ஆளணியைத் தீர்மானிப்பது கொழும்பில் இருக்கும் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம்: கொள்கைச் செய்தி. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே நாற்றம்தான். நிருபர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அமைச்சர் வந்து திறந்துவைத்தார். அப்படியென்றால் தேசியச் செய்திதானே?

இல்லை.

கொழும்பு மாநகர சபையில் நடப்பதெல்லாம் மட்டும் எப்படித் தேசியச் செய்தியாகிறது?

நியாயமான கோபம். கொழும்பு மாநகர சபையும் ஓர் உள்ளூராட்சி சபைதான். எங்கள் அலுவலகம் அதன் எல்லைக்குள் இருக்கிறது, டவுன் ஹோல் ஆட்டோவில் பத்து நிமிடம், கமராக்காரருக்குத் தூரமில்லை. அந்த வசதிக்கு 'தேசிய முக்கியத்துவம்' என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். கொட்டாஞ்சேனையில் கான் நிரம்பி முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் முகப்பில் படம், முல்லைத்தீவில் அதே அளவு தண்ணீர் ஒரு வாரம் நின்றால் ஏழாம் பக்கத்தில் நான்கு வரி. இதில் எனக்கும் பங்குண்டு, மறைக்க ஒன்றுமில்லை.

இருந்தாலும் சில கொழும்புச் செய்திகள் வேறு காரணத்துக்காகத் தேறும். 2025 ஜூனில் மேயர் தெரிவு நடந்தபோது 117 உறுப்பினர் கொண்ட சபையில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை, இரகசிய வாக்கெடுப்புவரை போனது. யார் மேயர் என்பது கொழும்புக்காரருக்கு முக்கியம். எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம் என்ற கலப்புத் தேர்தல் முறை 2018 இல் முதல்முறையாக நடைமுறைக்கு வந்ததிலிருந்து நாடு முழுவதும் தொங்கு சபைகள் முளைக்கின்றன, உறுப்பினர் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதைச் சொல்ல கொழும்பை உதாரணமாக எடுத்தால் சரி. அதே கதையைச் சாவகச்சேரியை வைத்தும் சொல்லலாம் என்பதை மறக்காமல் இருந்தால் இன்னும் சரி.

ஒரேயொரு ஊரில் நடந்தது. எத்தனை ஊரில் நடந்தால் எடுப்பீர்கள்?

எண்ணிக்கைக் கணக்கு பல சமயம் உதவும், சில சமயம் ஏமாற்றிவிடும். ஐந்து சபைகளில் ஒரே குறை என்றால் மேலே ஒரு பொதுக் காரணம் இருக்க வாய்ப்புண்டு, தேடிப் பாருங்கள். ஆனால் ஒரே சபை, ஒரே கடிதம் போதுமான சந்தர்ப்பமும் உண்டு. 2019 இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, தங்கொட்டுவை வாரச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடக் கூடாது என்று வென்னப்புவ பிரதேச சபைத் தவிசாளர் கடிதம் கொடுத்தார். மாரவில நீதிமன்றம் தலையிட்டது. ஒரு வாரச் சந்தை, ஒரு துண்டுக் கடிதம், அவ்வளவுதான். ஆனால் அரசியலமைப்பு எல்லாப் பிரஜைக்கும் கொடுத்த சமத்துவ உரிமையை ஒரு தவிசாளர் தன் கடிதத்தாளில் இல்லாமலாக்கலாமா என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கு இரண்டாவது ஊர் எதற்கு?

நீங்கள் தவறவிட்டதாக நினைக்கும் செய்தி உண்டா?

மீதொட்டமுல்ல. இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

கொலன்னாவைப் பக்கத்தில் இருக்கிறது மீதொட்டமுல்ல. புளூமெண்டால் மேடு மூடப்பட்ட பிறகு கொழும்பு மாநகரத்தின் குப்பை அங்கேதான் போனது. பக்கத்தில் குடியிருந்தவர்கள் வருடக் கணக்காக வீதியில் இறங்கினார்கள். சுவர் வெடிக்கிறது, தண்ணீர் நாறுகிறது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். நாங்கள் ஒவ்வொரு முறையும் அதை 'பிரதேசவாசிகள் ஆர்ப்பாட்டம்' என்று ஒற்றைப் பத்தியில் போட்டோம். டயர் எரிந்தால் படம், எரியாவிட்டால் அதுவும் இல்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று மேடு சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வீடுகள் நூற்றுக்கணக்கில் பாதிக்கப்பட்டன.

அன்றிரவு அது தேசியச் செய்தியாகிவிட்டது, வேறெப்படியும் இருந்திருக்க முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், கொள்கை என்ற விடயம் அந்த மேட்டுக்குள் முதல் லொறி வந்த நாளிலிருந்தே இருந்தது. குப்பை ஒரு சபையினுடையது, மேட்டின் ஆபத்து இன்னொரு சபையின் எல்லைக்குள் இருக்கும் மக்களுக்கு. அந்த மக்கள் கொழும்பு மாநகர சபைக்கு வாக்களிப்பவர்கள்கூட இல்லை. குப்பையை எங்கே கொட்டுவது, சுற்றாடல் அனுமதியை யார் கொடுப்பது, மாற்று இடத்துக்குக் காசு யார் தருவது, எல்லாமே அந்த இரண்டு சபைகளுக்கும் மேலே தீர்மானிக்கப்பட வேண்டியவை. அதிகாரம் யாரிடம் என்று அன்றைக்கு நான் கேட்டிருந்தால் செய்தி என் பக்கத்துக்கு வந்திருக்கும். கேட்கவில்லை.

அதற்குப் பிறகாவது கற்றுக்கொண்டோமா என்றால் பாதிதான். கொழும்புக் குப்பையைப் புத்தளம் அறுவக்காட்டுக்கு அனுப்பும் திட்டம் வந்தபோது புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். அதையும் முதலில் 'புத்தளத்தில் எதிர்ப்பு' என்று மாவட்டச் செய்தியாகத்தான் பார்த்தோம். கொழும்பில் உருவாகும் குப்பை இன்னொரு மாவட்டத்துக்குப் போகிறது என்றால் அது எப்படி ஒரு மாவட்டத்துச் செய்தியாகும்?

தோட்டத்து ரோட்டு, லயத்துக் கான் என்றால் மட்டும் உடனே எடுக்கிறீர்களாம்?

ஆமாம், வெட்கப்படாமல் ஒப்புக்கொள்கிறேன். காரணம் பாசமில்லை, சட்டம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க முட்டுக்கட்டையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்வார்கள், அந்த உறுப்பினர் சபைக்குப் போவார், ஆனால் தனக்கு வாக்களித்தவர்களின் லயத்துக்குப் போகும் பாதையில் சபைக் காசில் ஒரு கூடைக் கல் கொட்ட முடியாது. முப்பது வருடம் இப்படியே ஓடியது. அந்தக் காலத்தில் வந்த ஒவ்வொரு 'பாதை சேறாகிவிட்டது' செய்தியும் உண்மையில் 33 ஆம் பிரிவைப் பற்றிய செய்திதான், எழுதியவர்களுக்கும் போட்டவர்களுக்கும்தான் அது தெரியவில்லை.

2018 இல் சட்டம் திருத்தப்பட்டது. அதையொட்டிய காலத்திலேயே நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்தன: கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் அப்படி வந்தவை. ஆகவே இன்றைக்கு அதே சேற்றுப் பாதைச் செய்தி வந்தால் கேள்வி மாறும். சட்டத் தடை போய்விட்டது, பிறகும் ஏன் கல் விழவில்லை? காசு இல்லையா, பாதை தோட்டக் கம்பனியின் குத்தகைக்குள் இருக்கிறதா, இல்லை தவிசாளருக்கு நேரமில்லையா? கடைசியது என்றால் பிரதேசப் பக்கம். முதல் இரண்டும் என் பக்கம்.

சபையில் வாய்த்தர்க்கம், தண்ணீர்ப் போத்தல் வீச்சு, கட்சி மாறி வாக்களித்தது?

வீடியோவாக நன்றாக ஓடும். கொள்கைப் பக்கத்துக்கு வேண்டாம்.

அரசியல் செய்தியும் கொள்கைச் செய்தியும் ஒன்றில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 2018 பெப்ரவரி 10 தேர்தல் முடிவு கொழும்பில் ஆட்சியையே ஆட்டியது, அப்போதைய கூட்டரசாங்கம் அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. தேசிய அரசியலில் அது பெரிய செய்தி. ஆனால் அன்றைக்கு எந்தக் கட்சி எத்தனை சபை பிடித்தது என்பதில் என் பக்கத்துக்கு வேலையில்லை.

ஒரு விலக்கு. பெண் உறுப்பினரைப் பேசவிடவில்லை, ஒலிவாங்கியை நிறுத்தினார்கள் என்ற மாதிரிச் செய்தி வந்தால் 'சபையில் சலசலப்பு' என்று ஒதுக்காதீர்கள். பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு பாராளுமன்றம் போட்ட சட்டம். அதற்கு முன் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் இரண்டு வீதம்கூட இல்லை. ஒரு சட்டத்தால் கதிரையில் உட்கார வைக்கப்பட்டவருக்கு அந்தக் கதிரையில் இருந்து வேலை செய்ய முடிகிறதா என்று பார்ப்பது என் வேலை.

தேர்தல் தள்ளிப்போனதைப் பற்றி எழுதினால்?

அனுப்புங்கள். 2023 மார்ச் 9 இல் நடக்க வேண்டிய தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போனது. 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. இடையில் சபைகளை நடத்தியது ஆணையாளர்களும் செயலாளர்களும். அந்தக் காலத்தில் உங்கள் ஊரில் எடுக்கப்பட்ட முடிவுகளை, யாருக்கு எந்தக் கடை குத்தகைக்குப் போனது, எந்தக் கட்டடத்துக்கு அனுமதி கிடைத்தது என்பதையெல்லாம், இப்போது தோண்டினாலும் பழைய செய்தியில்லை.

மாகாண சபைகளின் நிலைமை இதைவிட மோசம். 2017 முதல் 2019 வரை ஒவ்வொன்றாகக் காலாவதியாகின, ஆளுநர்கள் கையில் போய்ச் சேர்ந்தன. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாண சபைக்குரிய விடயம், ஆனால் சபைகளின் அமைப்பையும் கட்டமைப்பையும் தீர்மானிப்பது பாராளுமன்றச் சட்டம். தவிசாளர் "மாகாணத்தைக் கேளுங்கள்" என்பார், மாகாண உள்ளூராட்சி ஆணையாளர் "அமைச்சைக் கேளுங்கள்" என்பார், அமைச்சு "அது பகிரப்பட்ட அதிகாரம்" என்று சொல்லும். இந்த மூன்று பதிலும் ஒரே செய்திக்கு வந்தால், மூன்றையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். அதைவிடத் தெளிவான கொள்கைச் செய்தி கிடைக்காது.

வடக்கு கிழக்கில் நடப்பதெல்லாம் இயல்பாகவே தேசியப் பிரச்சினைதானே?

அப்படி எடுத்துக்கொண்டால் அங்கே இருப்பவர்களுக்கே அநியாயம் செய்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒரு சந்தைக் கடை ஏலம் போவது சந்தைக் கடை ஏலம்தான், எல்லாவற்றிலும் இனப்பிரச்சினையைத் தேடினால் அங்கேயும் ஊழல் செய்யும் உறுப்பினருக்கு நாமே குடை பிடித்த கதையாகும்.

மறுபக்கம் கல்முனையைப் பாருங்கள். கல்முனை மாநகர சபைக்குள் இருக்கும் சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்பது அங்குள்ள முஸ்லிம்களின் நீண்டகாலக் கோரிக்கை. 2020 பெப்ரவரியில் நகர சபைக்கான வர்த்தமானி வந்தது, சில நாட்களுக்குள்ளேயே நிறுத்தி வைக்கப்பட்டது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் தமிழர்களின் கோரிக்கையும் பக்கத்திலேயே நிற்கிறது. 2025 மே தேர்தலிலும் நீதிமன்ற வழக்கால் கல்முனை மாநகர சபைக்கு வாக்களிப்பு நடக்கவில்லை. இதை 'தமிழர் எதிர் முஸ்லிம்' என்று எழுதினால் இரண்டு பக்கத்திலும் பேஸ்புக்கில் தீ பிடிக்கும், விடயம் விளங்காது. ஒரு சபையை உருவாக்கவும் பிரிக்கவும் எந்த அளவுகோலும் பகிரங்கமாக இல்லாமல் கொழும்பில் ஓர் அமைச்சரின் பேனா தீர்மானிக்கிறதே, அது எப்படி என்று கேட்டு எழுதினால் முதல் பக்கமே தரலாம்.

வெள்ளம், மண்சரிவு வந்தால்?

முதல் இரண்டு நாள் என்னைக் கேட்காதீர்கள், செய்தி மேசைக்கு நேரே அனுப்புங்கள். அது உயிர் காக்கும் தகவல். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பதுளை, கண்டி, நுவரெலியாப் பக்கம் மலைகள் சரிந்தன, களனி கங்கை பெருகிக் கொலன்னாவை வரை தண்ணீர். அந்த நேரம் எந்தப் பக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாம் வாரம்தான் எனக்கு வேண்டும். சரிந்த இடத்தில் வீடு கட்ட அனுமதி கொடுத்தது யார்? பிரதேச சபையா, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை இருந்ததா, எச்சரிக்கை கொடுத்தும் மாற்றுக் காணி இல்லாததால் சனம் அங்கேயே இருந்ததா? லயத்தில் இருப்பவருக்கு 'இடம்பெயருங்கள்' என்று சொன்னால் எந்த இடத்துக்கு என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கிராம உத்தியோகத்தர் இல்லை.

சபை ஆதன வரியைக் கூட்டிவிட்டது. எடுப்பீர்களா?

யாழ்ப்பாணத்தில் சோலை வரி என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். கூட்டியது சபையின் சொந்தத் தீர்மானம் என்றால் பிரதேசப் பக்கம், அப்படியே ஜனவரி 31 க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் பத்து வீதக் கழிவு என்பதையும் சேர்த்துப் போடுங்கள், வாசகர் வாழ்த்துவார். ஆனால் வீட்டுப் பெறுமதியைப் புதிதாகக் கணித்ததால் கூடியது என்றால் கொஞ்சம் நில்லுங்கள். 2023 இல் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த இணக்கப்பாட்டில் சொத்து மீதான வரியும் ஒரு விடயமாக இருந்தது, அதற்கு நாடு முழுவதும் நம்பகமான பெறுமதிக் கணக்கு வேண்டும். பழைய கணக்குகள் சபை இறாக்கைகளில்தான் தூசு படிந்து கிடக்கின்றன. அந்த வழியில் போனால் நல்ல செய்தி கிடைக்கும்.

அதிகாரம் யாரிடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சபைச் செயலாளரிடம் "முடியாது" என்ற பதில் வந்ததும் "எந்தச் சுற்றறிக்கையின்படி முடியாது, அதன் இலக்கம் என்ன" என்று கேளுங்கள். பாதிப் பேர் இலக்கம் தருவார்கள், மீதிப் பேருக்கு அப்படி ஒன்று இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரியவரும். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையில் உங்கள் சபையைப் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள், அலுப்பான வாசிப்பு, ஆனால் தங்கம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சபைகளுக்கும் பொருந்தும், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அவசரச் செய்திக்கு உதவாது, அடுத்த மாதச் செய்திக்கு இன்றே போட்டு வையுங்கள்.

தமிழில் வேலை செய்யும் சபைக்குச் சுற்றறிக்கை சிங்களத்தில் மட்டும் வந்திருந்தால், நீங்கள் தேடிப்போன செய்தியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

எப்படி எழுதி அனுப்பினால் உங்கள் பக்கத்துக்குத் தேறும்?

ஊரில் தொடங்குங்கள், ஊரிலேயே நின்றுவிடாதீர்கள். முதல் பத்தியில் ஆளும் இடமும், மூன்றாம் பத்திக்குள் சட்டமோ காசோ வந்துவிட வேண்டும். அதற்காக "இது நாடளாவிய பிரச்சினையாகும்" என்று ஒரு வரியைச் செருகி ஏமாற்றப் பார்க்காதீர்கள். இன்னும் இரண்டு சபைகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள், அதில் ஒன்று சிங்களப் பிரதேசமாக இருந்தால் நல்லது. ஹம்பாந்தோட்டையிலும் அதே குறை என்றால் செய்தியின் உயரமே மாறிவிடும். தலைப்பில் ஊர்ப் பெயரை எடுத்துவிட வேண்டாம், பெயர் இல்லாத ஊரைப் பற்றி யாரும் வாசிப்பதில்லை.

நீங்கள் மறுத்த செய்தி பிறகு சரியென்று தெரிந்தால்?

நடந்திருக்கிறது. நூலகத்தைப் பின்னேரம் திறப்பதில்லை என்று ஒரு நிருபர் அனுப்பினார், நான் சிரித்துவிட்டுத் தள்ளிவிட்டேன். சில வாரத்துக்குள் வேறு இரண்டு மாவட்டங்களில் இருந்து அதே செய்தி. ஓய்வுபெற்றவரின் இடத்துக்கு ஆள் எடுக்க அனுமதியில்லை என்பதுதான் எல்லா இடத்திலும் காரணம். முதலில் அனுப்பியவருக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன், மூன்றையும் சேர்த்து அவர் பெயரிலேயே போட்டோம். "அண்ணன், அடுத்த முறை சிரிக்காமல் வாசியுங்கோ" என்றார்.

பிரதேசப் பக்கத்தில் வந்தால் கொடுப்பனவு குறைவாமே?

குறைவுதான். நிருபர்கள் எல்லாவற்றையும் தேசியச் செய்தியாக்கப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறேன். பதில் வரவில்லை, வந்தால் இந்த இடத்தை மாற்றி எழுதுகிறேன்.

முடிவில் உடன்பாடில்லை. யாரோடு சண்டை பிடிப்பது?

என்னோடுதான். பின்னேரம் ஐந்து மணிக்கு முன் எடுங்கள், அதற்குப் பிறகு பக்கம் கட்டும் நேரம், யார் எடுத்தாலும் எரிந்து விழுவேன். சுற்றறிக்கை இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்தால் ஆறு மணிக்கும் பேசலாம்.